புல்லுக்குக் கீழே ஓடு

தொட்டபேட்டைக்குக் குழாய்த் தண்ணீர் வரப்போகிறது என்ற சேதியை, ஊரில் தண்டோரா போடுவதற்கு முன்பே சரோஜம்மாள் தன் சம்பந்திக்குச் சொல்லியனுப்பிவிட்டாள். ஊத்தங்கரை பஸ்ஸில் ஏறிய புளி வியாபாரி ஒருவர் சேதியைக் கொண்டுபோனார். அடுத்த சந்தைக்கு வந்தபோது அவரே பதிலையும் கொண்டுவந்தார்.

"குழாய் வரட்டும், அப்புறம் பொண்ணு வரும்னு சொல்லச் சொன்னாரும்மா உங்க சம்பந்தி."

"வேற ஒண்ணும் சொல்லலியா?"

"வேற என்னா இருக்குதுன்னு என்னையே திருப்பிக் கேட்டாரு."

சம்பந்தி பெருமாள் கோபக்காரர் இல்லை. போன கோடையில் ஊரில் வாந்திபேதி வந்தபோது சரோஜம்மாளின் பேரப்பிள்ளை, அப்போதுதான் சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கத் தொடங்கியிருந்தவன், ஒரே பகலில் துவண்டுபோய்ச் செத்தான். அழுது முடித்து, காரியம் முடித்து, பெருமாள் ஒன்றும் பேசாமல்தான் ஊருக்குப் போனார். தை மாசம் மகள் வெள்ளையம்மா மறுபடி முழுகாமல் இருக்கிறாள் என்று தெரிந்ததும் வந்து நின்றார்.

"கோவிச்சுக்காதீங்க சம்பந்தியம்மா. ஒண்ணை உங்க ஏரித் தண்ணிக்குக் குடுத்தாச்சு. இதைக் குடுக்கறதுக்கு இல்ல."

"கொதிக்க வெச்சுத்தான் குடுக்கறோம் அண்ணா."

"போன தடவையும் கொதிக்க வெச்சுத்தானே குடுத்தீங்க."

கொதிக்கவைத்துத்தான் கொடுத்தார்கள். ராகி அறுப்பு நடந்த அந்த ஒரு நாள் மட்டும் யார் எந்தப் பானையிலிருந்து மொண்டு கொடுத்தார்கள் என்பதை அந்த வீட்டில் யாரும் யாரையும் கேட்டதில்லை. வெள்ளையம்மா டிரங்குப் பெட்டியோடு பஸ் ஏறினாள். சரோஜம்மாளின் மகன் முனிராஜ் பஸ் ஜன்னலைப் பிடித்தபடி கொஞ்ச தூரம் கூடவே நடந்துவிட்டுத் திரும்பி வந்தான். அன்றிலிருந்து அவன் வீட்டில் பேசுவது குறைந்துபோயிற்று.

ஓசூருக்கும் கிருஷ்ணகிரிக்கும் நடுவில் இருந்தது தொட்டபேட்டை. எட்டுத் தெரு, ஒரு சந்தை, புளி மண்டிகள், ஒரு பெரிய ஏரி. முன்பெல்லாம் குழாய்க்கு மனுப் போட்டால், எல்லை முடிவாகட்டும், ஊர் மைசூர்ப் பக்கம் போகுமோ என்னவோ என்று பதில் வரும். எல்லை பிரித்து ஊர் இந்தப் பக்கமே நின்ற அடுத்த வருஷம்தான் காகிதம் அசைந்தது. ஒசரத் தொட்டி, போர் கிணறு, தெருவுக்குத் தெரு குழாய். செலவில் பாதியைச் சர்க்கார் கொடுக்கும். மீதிப் பாதி கடன். அந்தக் கடனைப் பஞ்சாயத்து போர்டு வீட்டு வரி வாங்கி வருஷாவருஷம் அடைக்கவேண்டும். கடனைத் தாங்குகிற அளவுக்கு வரி வருமா என்று ஆபீசர் ஒருவர் வந்து வீடு வீடாகப் பார்ப்பார். வராது என்று தெரிந்தால் தொட்டி, வரிசையில் அடுத்து நிற்கிற ஊருக்குப் போய்விடும்.

வரி கூரையைப் பார்த்துத்தான். புல்லுக் கூரைக்கு ஒரு ரூபாய். நாட்டு ஓட்டுக்கு மூன்று, மங்களூர் ஓட்டுக்கு ஆறு, மாடிக்குப் பத்து. சரோஜம்மாள் போர்டில் ஒரு மெம்பர். எதிர்த்து நிற்க ஆள் இல்லாததால் ஜெயித்தவள். அதுவரை கூட்டத்துக்குப் போனால் காபி குடித்துவிட்டு, காட்டின இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வருவாள். குழாய்க் கடனுக்குக் கூட்டம் போட்ட அன்று மட்டும் பிரசிடெண்ட் சென்னகிருஷ்ணன் கேட்டு முடிப்பதற்குள் கையைத் தூக்கினாள்.

"இருங்கம்மா, இன்னும் முழுசாப் படிக்கல," என்றார் அவர்.

"படிங்க. கை தூக்கினபடியே இருக்கட்டும்."

மாசி கடைசியில் ஒரு நாள் காலை, அடுத்த வீட்டு வாசலில் இரண்டு வண்டி மஞ்சம்புல் வந்து இறங்கியது. தேன்கனிக்கோட்டை மலையிலிருந்து வருகிற புல். பக்கத்து வீட்டுக்காரர் பஷீர் அஹமது வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கட்டு எண்ணிக்கொண்டிருந்தார். புளி மண்டி வைத்திருப்பவர். வீடு மங்களூர் ஓடு. இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர்.

"என்னா பஷீரு, மாட்டுக்கா?"

"மஞ்சம்புல்ல மாடு தின்னுமாக்கா? வூட்டுக்கு."

"ஏன், ஓடு ஒழுகுதா?"

"ஓடு ஒழுகல. காசு ஒழுகுது."

அவர் மனைவி அஸ்மத் உள்ளேயிருந்து வந்து கதவோரம் நின்றாள். "நான் வேணாம்னுதான் சொன்னேன்க்கா. கடைவீதியில எல்லாரும் ஓட்டு மேல புல்லப் பரப்பிட்டாங்களாம். நாம மட்டும் ஏமாளியான்னு கேக்கறாரு."

"ஆபீசர் வந்து பார்த்துட்டுப் போற வரைக்கும்தான்க்கா," என்றார் பஷீர். "அப்புறம் இறக்கிடுவேன்."

"எல்லாரும் இப்படிப் போட்டா தொட்டிக்கு யாருப்பா கட்டறது?"

"எல்லாரும் எங்க போடப் போறாங்க? மாடி வூட்டுக்காரன் மாடிய எங்க கொண்டுபோய் ஒளிப்பான்? அவன் கட்டுவான். இத்தனை பெரிய ஊரு, என் ஒரு வூட்டு மேலயா தொட்டி நிக்குது? கட்டு மிச்சம் வந்தா உங்க வூட்டு மேலயும் போட்டுடறேன், காசு வேணாம்."

"என் வூட்டப் பக்கம் ஏணியக் கொண்டுவந்தீன்னா ஏணி திரும்பாது."

பஷீர் சிரித்தார். அவர் சிரித்தால் அவளுக்குக் கோபம் நிற்காது. பேரன் சாகக் கிடந்த அன்று ஓசூர் டாக்டரைத் தேடி வண்டியை விரட்டிக்கொண்டு போனவர் அவர்தான். டாக்டர் வந்தபோது வேலை இல்லாமல் போயிற்று, அது வேறு. அன்று இரவு முழுக்க வெள்ளையம்மாவை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தவள் அஸ்மத்.

ஒரு வாரத்துக்குள் தெரு முழுக்கப் புல். நாட்டு ஓடும் மங்களூர் ஓடும் மறைந்து, ஊர் ஏதோ ஆடு மேய்க்கிறவர்கள் வந்து தங்கின பட்டி மாதிரி ஆகிவிட்டது. மாடி வீட்டுக்காரன் மாடியை எங்கே ஒளிப்பான் என்று பஷீர் கேட்டதற்கும் பதில் கிடைத்தது. பெரிய தெருவில் ஒருத்தர் மொட்டை மாடி மேல் மூங்கில் நட்டுப் புல்லுப் பந்தல் போட்டு, கீழே சுவரில் சாணி மெழுகியிருந்தார். ஊரே போய்ப் பார்த்துச் சிரித்துவிட்டு வந்து, தன் வீட்டுப் புல்லை இன்னும் கொஞ்சம் கெட்டியாகப் போட்டது. தெருவில் சிவப்பாகத் தெரிந்தது சரோஜம்மாளின் ஓடு ஒன்றுதான்.

"நம்ம வூட்டால எல்லாரும் மாட்டிக்குவாங்கன்னு பேசறாங்கம்மா," என்றான் முனிராஜ்.

"உனக்கு உன் பொண்டாட்டி வேணுமா, தெரு வேணுமா?"

அவன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். "தெருவும் வேணுமில்ல," என்றான் கடைசியில்.

அவள் நேரே சென்னகிருஷ்ணன் வீட்டுக்குப் போனாள். வாசலில் நின்று அண்ணாந்து பார்த்தாள். பாதி வீட்டில் ஓடு, பாதியில் புல்.

"அது என் அண்ணன் பங்கும்மா," என்றார் பிரசிடெண்ட், அவள் கேட்பதற்கு முன்பே. "என் பங்கு ஓடாத்தான் இருக்கு பாருங்க. அவன் பங்கு மேல நான் எப்படிக் கை வைக்கறது? ஏற்கெனவே கோர்ட்டுல இருக்கோம்."

"ஊருக்கு நீங்கதானே சொல்லணும் பிரசிடெண்டு."

"சொன்னேன். போடாதீங்கடான்னு சொன்னேன். சரிங்க பிரசிடெண்டுன்னு சொல்லிட்டு வண்டி அனுப்பினாங்க. ஆபீசரு முட்டாளாம்மா? பார்த்தாத் தெரியாதா? அவரு எழுதிக்குவாரு. நம்ம வாயால யாரையும் காட்டிக்குடுக்க வேணாம்."

பங்குனியில் ஆபீசர் வந்தார். முட்டாள் இல்லை. வெள்ளைச் சட்டை, வியர்த்த கழுத்தில் கைக்குட்டை. போர்டின் பில் கலெக்டர் தீர்த்தகிரி கூட நடந்தான். ஆபீசர் ஒவ்வொரு வீட்டின் முன்னும் நின்றார், அண்ணாந்து பார்த்தார், சொன்னார், தீர்த்தகிரி எழுதினான். சரோஜம்மாளின் தெருவுக்கு அவர்கள் வந்தபோது மத்தியானம் ஆகியிருந்தது. ஆண்களெல்லாம் தற்செயலாக வந்தவர்கள் மாதிரி வாசலில் நின்றார்கள்.

"என்னய்யா இது, டவுனுன்னு சொன்னீங்க?" என்றார் ஆபீசர். "கல்லுச் சுவரு, தேக்குக் கதவு, கதவுல பித்தளைக் குமிழ். மேல புல்லு."

"வெயிலுக்குக் குளிர்ச்சிங்க," என்றது ஒரு குரல். நாலைந்து பேர் சிரித்தார்கள்.

"குளிர்ச்சிதான். கீழே என்ன இருக்கு?"

சிரித்தவர்கள் கூரையை விட்டுவிட்டுத் தெருவைப் பார்த்தார்கள்.

"எனக்கு ஏணி ஏறி ஒவ்வொரு வீட்டுப் புல்லையும் பிரிச்சுப் பார்க்க ஆளும் இல்ல, நேரமும் இல்ல. கண்ணுல படறதைத்தான் எழுத முடியும். இல்லன்னா போர்டு மெம்பர் யாராவது சொன்னா எழுதிக்குவேன்." அவர் திரும்பினார். "ஓட்டு வீட்டம்மா யாரு?"

"மெம்பர் அம்மாங்க," என்றான் தீர்த்தகிரி.

"நல்லதாப் போச்சு. நீங்க சொல்லுங்கம்மா. இந்தப் பக்கத்து வீட்டுல புல்லுக்குக் கீழே என்ன?"

சரோஜம்மாள் பஷீரைப் பார்த்தாள். அவர் கீழே பார்த்துக்கொண்டிருந்தார். கதவிடுக்கில் அஸ்மத்தின் முகம் பாதி தெரிந்தது.

"ஓடுன்னு சொன்னா என்னாங்க செய்வீங்க?"

"ஓட்டு வரி. மறைச்சதுக்கு அபராதம். எல்லாருக்கும்தான்."

குழாய், பிறக்கப்போகிற பிள்ளை, முனிராஜ், எல்லாம் அவள் நாக்கு நுனியில் இருந்தன. ஒரு சொல்லில் முடிகிற வேலை. ஆனால் அந்த ஒரு சொல்லைச் சொல்லிவிட்டு அந்தச் சுவருக்கு இந்தப் பக்கம் எப்படிப் படுத்துத் தூங்குவது. எட்டுத் தெரு இருக்கிறது. மற்ற தெருக்களில் யாராவது மெம்பர் சொல்லியிருப்பார். தன் ஒரு தெருவிலா தொட்டி நின்றுவிடப் போகிறது.

"அவங்க வூட்ட அவங்களையே கேளுங்க," என்றாள்.

ஆபீசர் அடுத்த வீட்டுப் பக்கம் திரும்பினார். "அப்போ புல்லு. எழுதிக்க தீர்த்தகிரி."

அன்று சாயங்காலம் அஸ்மத் ஒரு கிண்ணம் சேமியாப் பாயசம் கொண்டுவந்து வைத்துவிட்டு, சரோஜம்மாளின் கையை ஒரு தடவை பிடித்துவிட்டுப் போனாள். பாயசம் இனிப்பாகத்தான் இருந்தது.

சித்திரை பிறந்து சில நாளில் சென்னகிருஷ்ணன் வீடு தேடி வந்தார். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை.

"போச்சும்மா. வரி பத்தாதாம். தொட்டியக் கெலமங்கலம் பக்கம் வேற ஊருக்குக் குடுத்துட்டாங்க."

"வேற தெருவுல யாரும் சொல்லலீங்களா?"

"யாரு சொல்லுவாங்க? எல்லா மெம்பரும் நீங்க சொன்னதைத்தான் சொன்னாங்க. அவங்க வூட்ட அவங்களக் கேளுங்கன்னு."

"திரும்ப வரச் சொல்ல முடியாதா? புல்ல எடுத்துட்டுக் கூப்பிட்டா?"

"ஊர் முழுக்க எடுத்துட்டோம்னு எழுதிக் குடுத்தா, ஆபீசரு திரும்ப ஒரு தடவை பார்ப்பாராம். வாய் வார்த்தையாச் சொன்னாரு. எடுக்க வைங்க பார்ப்போம்."

அவள் எடுக்கவைக்கத்தான் பார்த்தாள். முதலில் பஷீரிடம் போனாள். அவர் மறுக்கவில்லை, அவருக்கும் மனசு சரியில்லை.

"எடுத்துடலாம்க்கா. எதிர்வூட்டு மாதப்பன் எடுக்கட்டும், அடுத்த நிமிஷம் நான் எடுக்கறேன்."

மாதப்பனிடம் போனாள்.

"பாய் எடுத்தா நான் எடுக்க மாட்டனா? நான் முதல்ல எடுத்து, அவரு எடுக்காம போயிட்டா, அபராதம் எனக்கு மட்டும்தானே. நீங்க மெம்பரு, நீங்களே கடைவீதிக்காரங்களை முதல்ல எடுக்கச் சொல்லுங்க."

கடைவீதியில் பெரிய தெருவைக் காட்டினார்கள். பெரிய தெருவில், பந்தல் போட்டிருந்தவர் மோர் கொடுத்து உட்காரவைத்து, "பிரசிடெண்டு அண்ணன் வூட்டுல எடுத்தாச்சாம்மா?" என்று கேட்டார். அவள் வெயிலில் சுற்றிச் சுற்றி வந்தாள். ஒருத்தர்கூட மாட்டேன் என்று சொல்லவில்லை. எல்லோரும் எடுக்கிறேன் என்றார்கள். புல் அப்படியே காய்ந்தது. போட்டபோது வெளுப்பாக இருந்தது, சித்திரை வெயிலில் கருகின முறுக்கு மாதிரி ஆகி, காற்றடித்தால் சலசலத்தது.

பஷீர்தான் கடைசியில் இறங்கிவந்தார். "வெள்ளிக்கிழமை தொழுகை முடிஞ்சு வந்ததும் எடுத்துடறேன்க்கா. மாதப்பன் எடுத்தா எடுக்கட்டும், எடுக்காட்டிப் போகட்டும்."

வியாழக்கிழமை தெருக்கோடியில் முனிவேல் வீட்டில் கல்யாணச் சமையல். கொல்லையில் கோட்டை அடுப்பு வெட்டி, நாலு அண்டா ஏற்றியிருந்தார்கள். முற்பகலில் மேல்காற்று திரும்பியது. முதலில் யாரோ கூப்பிட்ட மாதிரி இருந்தது. சரோஜம்மாள் வெளியே வந்தபோது முனிவேல் வீட்டுக் கூரை எரிந்துகொண்டிருந்தது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அடுத்த வீடு. தீ தரையில் இறங்கவே இல்லை. கூரைக்குக் கூரை, புல்லுக்குப் புல், மேலேயே நடந்து வந்தது.

"தண்ணி, தண்ணி," என்று ஓடினார்கள். எந்த வீட்டிலும் குடிக்கிற குடம் தவிர வேறு தண்ணீர் இல்லை. ஏரி கோடையில் உள்வாங்கி, கரையிலிருந்து சேற்றில் அரை பர்லாங்கு நடந்தால்தான் குடம் முங்கும். போனவர்கள் திரும்பி வருவதற்குள் பாதித் தெரு போய்விட்டது. பெண்கள் மண்ணை வாரி வீசினார்கள். சரோஜம்மாள் தன் வீட்டுப் பானைகள் எல்லாவற்றையும் கொண்டுவந்து நடுச்சுவர் மேல் ஊற்றினாள்.

பஷீர் ஏணி வைத்து மேலே ஏறியிருந்தார். புல்லைக் கட்டுக் கட்டாகப் பிய்த்துக் கீழே எறிந்துகொண்டிருந்தார்.

"இறங்குங்க," என்றாள் அஸ்மத் கீழேயிருந்து. "ஐயோ இறங்குங்க, போனாப் போவுது வூடு."

"இன்னும் கொஞ்சம்தான்."

"பஷீரு, சொன்னாக் கேளு, இறங்கு," என்றாள் சரோஜம்மாள்.

"இந்தப் பக்கம் எடுத்துட்டா உங்க வூட்டுக்கு வராதுக்கா," என்றார். அடுத்த பக்கத்தில் தீ பிடித்தது. உத்தரம் எரிந்து ஓடு சரிந்தது. அவர் நின்ற இடம் வெறும் ஓட்டையாகத் தெரிந்தது.

முனிராஜும் மாதப்பனும் கோணியை நனைத்துப் போர்த்திக்கொண்டு உள்ளே போய் அவரைத் தூக்கிவந்தார்கள். ஓசூர் ஆஸ்பத்திரிக்கு வண்டி கட்டினார்கள். சூளகிரி தாண்டுவதற்கு முன்பே மூச்சு அடங்கிவிட, வண்டியைத் திருப்பவேண்டியதாயிற்று.

தீ சரோஜம்மாளின் வீட்டோடு நின்றது. ஓட்டு வீட்டில் அதற்குத் தின்ன ஒன்றும் இல்லை. அவள் வீட்டுக்கு அந்தாண்டை இருந்த வீடுகள் எல்லாம் பிழைத்தன. அந்த வீட்டுக்காரர்கள் அன்று ராத்திரியே புல்லை இறக்கினார்கள். யாரும் யாரையும் முதலில் எடு என்று சொல்லவில்லை.

வைகாசியில் நிவாரணம் எழுத அதே ஆபீசர் வந்தார். இந்தத் தடவை அவர் சிரிப்பாக ஒன்றும் பேசவில்லை. கரி படிந்த சுவர்களுக்கு நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். புல்லு வீடு எரிந்தால் இவ்வளவு, ஓட்டு வீடு எரிந்தால் இவ்வளவு என்று சர்க்கார் கணக்கு. ரிகார்டில் எல்லாம் புல்லு.

"சார், எங்களது மங்களூர் ஓடு சார். உடைஞ்ச ஓடு கிடக்குது பாருங்க," என்று மாதப்பன் ஒரு துண்டை எடுத்துக் காட்டினான்.

"பங்குனியில நான் கேட்டேனேப்பா."

அஸ்மத் கடைசியாக நின்றாள், முக்காடு போட்டுக்கொண்டு. அவளுடைய அண்ணன் மட்டும் கூட இருந்தார். சரோஜம்மாள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னே போனாள்.

"நான் சொல்றேன் சார். மெம்பரு சொன்னா எழுதிக்குவேன்னு சொன்னீங்க. பஷீர் அஹமது வூடு மங்களூர் ஓடு. உத்தரம் தேக்கு. என் கண்ணு முன்னால கட்டின வூடு."

ஆபீசர் பேனாவை மூடினார். "அன்னைக்குக் கேட்டப்ப ஏம்மா சொல்லல?"

"அவங்களுக்கு அபராதம் வரும்னு."

"இன்னைக்கு இதை எழுதினா, அன்னைக்கு எழுதினது பொய்ன்னு ஆகும். அது என் கையெழுத்து. என்னால முடியாது." அவர் குரலில் கோபம் இல்லை. "அன்னைக்கு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா இந்த ஊருக்குத் தொட்டியும் வந்திருக்கும்."

"தொட்டி கிடக்கட்டும் சார்," என்றாள் அஸ்மத். அவள் அன்னிய ஆணிடம் பேசி அந்தத் தெருவில் யாரும் கேட்டதில்லை. பிறகு சரோஜம்மாளைப் பார்த்தாள். "அன்னைக்கு நீங்க சொல்லியிருந்தா அவரு உங்களைத் திட்டியிருப்பாருக்கா. நானும் திட்டியிருப்பேன். திட்டிக்கிட்டே மேல ஏறி அன்னைக்கே புல்ல எடுத்திருப்பாரு."

"உங்களுக்காகத்தான் சொல்லல அஸ்மத்து."

"தெரியும்க்கா. அதான் தாங்க முடியல."

புல்லு வீட்டுக்கு என்ன உண்டோ அதை வாங்கிக்கொண்டு, அந்த வாரமே அவள் அண்ணனோடு பாகலூருக்குப் போய்விட்டாள். போகும்போது சொல்லிக்கொள்ள வரவில்லை. நடுச்சுவர் மட்டும் நின்றது, ஒரு பக்கம் கரியாகவும் மறுபக்கம் சுண்ணாம்பாகவும்.

ஆனி முடிவதற்குள் முனிராஜ் மூட்டை கட்டினான். ஊத்தங்கரையில் கடலைக்காய் மில்லில் மாமனார் வேலை பார்த்து வைத்திருந்தார். அவன் துணியை மடிப்பதையே சரோஜம்மாள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அங்க வூட்டோட இருக்கறதுன்னு முடிவா?"

"வேற எங்க இருக்கறது? அவ இங்க வர மாட்டா."

"உன் மாமனாரு என்னா சொன்னாரு?"

"ஒண்ணும் சொல்லல. தீப்பிடிச்சதைக் கேட்டுட்டு, ரெண்டு நாளு சோறு திங்கலியாம். உன்னைக் கூட்டிட்டு வரச் சொன்னாரு."

"நான் வந்து என்னா செய்யறது, சம்பந்தி வூட்டுல."

"அதான் நானும் உன்னைக் கேக்கல."

அவன் கயிற்றை இழுத்து முடிச்சுப் போட்டான். அவள் மூட்டையின் மறுமுனையைப் பிடித்துக் கொடுத்தாள்.

"ஆவணியில பொறக்கும்னு சொல்றாங்க. வந்து பாரும்மா."

"வர்றேன். இங்க எப்போ கொண்டு வருவீங்க?"

முனிராஜ் மூட்டையைத் தலைக்குத் தூக்கினான். "பஸ்ஸு வந்துரும்மா," என்று சொல்லிவிட்டு, குனிந்து வாசப்படியைத் தாண்டினான்.